தலை வேறு, வால் வேறு!

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் அத்தை மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக் கொண்டிருந்தாள்.

"அத்தை! இந்த மிக்ஸிக்கு அண்ணன் முறையாக வேண்டிய ஒரு யந்திரந்தான் உலகத்தின் மிகப் பெரிய ரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, தெரியுமா?" என்றேன்.

அத்தை ஸ்விட்சை அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்னியிலே உப்புப் போட்டேனா, இல்லையா? அந்த ரகசியத்தை முதல்லே சொல்லு, பார்க்கலாம்" என்றாள்.

உப்புப் போட்டிருந்தாள். ருசி பார்த்துச் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தேன். பாதியில் அவள், "எல்லாம் சரிடா, இதனாலே யாருக்கு என்ன லாபம்?" என்று ஒரு கேள்வி போட்டாள். நியாயமான கேள்வி. பதில் கடைசியில் வருகிறது. அதுவரை நேயர்களும் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிருமிக்கும் ஒரு கிருமி

நமக்கு வியாதி கொடுக்கும் பாக்டீரியாவைக் கிருமி என்கிறோம். அந்தக் கிருமிக்கே வியாதி கொடுக்கிற கிருமி ஒன்று உண்டு. அது வைரஸ் வர்க்கத்தைச் சேர்ந்தது. 1915-ல் லண்டனில் பிரடெரிக் ட்வார்ட் என்பவர் அதன் தடயத்தை முதலில் கண்டார். 1917-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தில் பெலிக்ஸ் தெரேல் என்ற விஞ்ஞானி, சீதபேதிக் கிருமிகளை ஏதோ ஒன்று அழித்துத் தீர்ப்பதை அறிவித்து, அதற்குப் 'பாக்டீரியோபேஜ்' என்று நாமகரணம் செய்தார். பாக்டீரியாவைத் தின்பது என்று அர்த்தம். நாம் சுருக்கமாகப் பேஜ் என்றே சொல்வோம்.

தெரேல் துணிச்சல்காரர். 1919-ல் பாரிஸில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சீதபேதி கண்டிருந்த 12 வயதுப் பையனுக்குப் பேஜ் கலந்த திரவத்தைக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. அதற்கு முதல் நாள் அதைத் தாமே குடித்துப் பார்த்தார். பெரிய டாக்டர் ஒருவரும், சில இளம் டாக்டர்களுங்கூடக் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. பிறகுதான் பையனுக்குக் கொடுத்தார்கள். பையன் பிழைத்தான்.

பேஜ் நம்முடைய உடம்பின் அணுக்களைத் தொடாது. அதற்கு வேண்டியது பாக்டீரியா; அதிலும் தனக்குப் பிடித்தமான இனத்துப் பாக்டீரியா மாத்திரம். ஆற்றில், கடலில், தோட்டத்து மண்ணில், நம் குடலில் எங்கும் அது இருக்கிறது. உலகத்தில் உள்ள பேஜ்களை எண்ணினால் 1 போட்டுப் பக்கத்தில் 31 சைபர் போட வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இவர்களில் பிரசித்தி பெற்றது 'டி-4'. நம் குடலில் வாசம் செய்யும் ஈ. கோலை என்ற பாக்டீரியாதான் அதற்கு இரை. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பட்டை தீட்டிய வைரம்போல் ஒரு தலை. அதன் கீழே குழாய்போல் ஒரு வால். வாலின் அடியில் ஒரு தட்டு. அந்தத் தட்டிலிருந்து சிலந்திக் கால்போல் மடங்கிய ஆறு நீண்ட இழைகள். யாரோ ஒரு தட்டான் உட்கார்ந்து செய்த ஆபரணம்போல் இருக்கும். ஆனால் எவ்வளவு சிறியது! ஒரு தலைமயிரின் கனத்துக்குள் சுமார் 400 பேஜ்களைத் தலையும் காலுமாக வரிசையாய்ப் படுக்க வைத்துவிடலாம்.

ஆறு கால்களாலும் பாக்டீரியாவைத் தடவிப் பார்த்து உட்காரும். வாலின் மேலுறை சட்டென்று சுருங்கும். உள்ளே உள்ள குழாய் ஊசிபோல் இறங்கும். அவ்வளவுதான், அரை மணிக்குள் அந்தப் பாக்டீரியா வெடித்து, உள்ளேயிருந்து நூறு, நூற்றைம்பது புதுப் பேஜ்கள் புறப்படும். ஒன்று நூறான அந்த அரை மணியில் உள்ளே நடந்தது என்ன?

மிக்ஸி சொன்ன சாட்சி

இங்கேதான் அத்தையின் மிக்ஸிக்கு அண்ணன் வருகிறான். 1952-ம் வருஷம். அமெரிக்காவில் நியூயார்க்குக்குப் பக்கத்தில், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற கடலோர ஆராய்ச்சிசாலை. அங்கே ஆல்பிரட் ஹெர்ஷி என்ற விஞ்ஞானியும், அவருக்கு உதவியாக மார்த்தா சேஸ் என்ற 24 வயது யுவதியும் வேலை செய்து கொண்டிருந்தார்கள்.

பேஜின் உடம்பில் இரண்டே சமாசாரங்கள்தான். வெளியே புரோட்டீன் சட்டை, உள்ளே டி.என்.ஏ. என்கிற நூல். இவற்றில் எது பாக்டீரியாவுக்குள் போய்ப் பிள்ளை குட்டிகளைப் பெருக்குகிறது? புரோட்டீனாகத்தான் இருக்கும் என்று நினைத்தவர்கள் அப்போது அநேகம் பேர்.

இருவரும் ஒரு யுக்தி செய்தார்கள். அந்தப் புரோட்டீனில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. டி.என்.ஏ.யில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. ஆகவே ஒரு கூட்டத்துப் பேஜ்களின் சட்டையில் கதிர்வீசும் கந்தகத்தையும், இன்னொரு கூட்டத்தின் நூலில் கதிர்வீசும் பாஸ்பரஸையும் அடையாளமாக வைத்தார்கள். சலவைக்குப் போடும் துணியில் வண்ணான் குறி வைப்பதுபோல! பேஜ்கள் பாக்டீரியாவின்மேல் உட்கார்ந்து காரியத்தை முடித்த சில நிமிஷங்களில், எல்லாவற்றையும் சமையலறை மிக்ஸி ஒன்றில் கொட்டிச் சுழலவிட்டார்கள். வெளியே ஒட்டிக்கொண்டிருந்த வெற்றுச் சட்டைகள் பிய்த்துக்கொண்டு வந்தன. பிறகு வேறொரு யந்திரத்தில் வேகமாகச் சுழற்றியபோது, பாரமான பாக்டீரியா அடியில் வண்டலாய்ப் படிந்தது. லேசான சட்டைகள் மேல் தண்ணீரில் நின்றன.

கந்தகத்தில் பெரும்பகுதி தண்ணீரில் இருந்தது. பாஸ்பரஸில் பெரும்பகுதி பாக்டீரியாவுடன் இருந்தது. அந்தப் பாக்டீரியாக்களோ, சட்டையைப் பறிகொடுத்த பிறகும் சாவகாசமாகப் புதுப் பேஜ்களை ஈன்றன! பரம்பரை ரகசியம் டி.என்.ஏ. நூலில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மறு வருஷமே அந்த நூலின் முறுக்கு அமைப்பை வாட்ஸனும் கிரிக்கும் வெளியிட்டார்கள்.

1969-ல் ஹெர்ஷிக்கு, டெல்புருக், லூரியா என்ற இருவருடன் நோபல் பரிசு கிடைத்தது. மார்த்தாவுக்குக் கிடைக்கவில்லை. 2003-ல் அவர் காலமானார். ஆனால் கல்லூரிப் பாடப் புத்தகங்களில் அந்தப் பரீட்சைக்கு இன்றைக்கும் 'ஹெர்ஷி-சேஸ்' என்றுதான் பெயர். அதை யாராலும் அழிக்க முடியாது.

கெட்டுப் போனவை கற்றுக் கொடுத்தவை

டி.என்.ஏ.யை ஒரு சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு ஜீன். டி-4 பேஜின் புத்தகத்தில் சுமார் 300 குறிப்புகள். ஆனால் எந்தக் குறிப்புக்கும் தலைப்பு இல்லை! எது சாம்பாருக்கு, எது பாயசத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பக்கமாகக் கெடுத்துவிட்டு, அன்றைக்குப் பந்தியில் எந்தப் பதார்த்தம் குறைகிறது என்று பார்க்க வேண்டும். பாயசம் வரவில்லையா? கெட்ட பக்கம் பாயசத்தினுடையது!

யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் முக்கியமான ஜீன் கெட்டால் பேஜுக்கு வம்சம் விருத்தியாகாதே? வம்சமே இல்லாததை வைத்து ஆராய்ச்சி செய்வது எப்படி? கலிபோர்னியாவில் பாஸடேனா நகரத்தில் உள்ள 'கால்டெக்' கலாசாலையில் ராபர்ட் எட்கரும், ரிச்சர்ட் எப்ஸ்டைனும், அவர்களுடைய சகாக்களும் 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் இதற்கு வழி கண்டார்கள். அரைகுறையாகக் கெட்டவற்றைத் தேடிப் பிடித்தார்கள். சில பேஜ்கள் 25 டிகிரி குளிர்ச்சியில் நன்றாகப் பெருகும். 42 டிகிரி உஷ்ணத்தில் காரியம் கெடும். வேறு சில ஒரு வகைப் பாக்டீரியாவில் பெருகும்; இன்னொரு வகையில் பெருகாது. சௌக்கியமான இடத்தில் வளர்த்து வைத்துக்கொண்டு, சௌக்கியமில்லாத இடத்தில் சோதிக்க வேண்டியதுதானே!

இரண்டாவது தினுசுக்கு 'ஆம்பர்' என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. தேடுவதற்கு ஆள் போதாமல், ஹாரிஸ் பெர்ன்ஸ்டைன் என்ற மாணவரைத் துணைக்கு அழைத்தார்களாம். ஏதாவது அகப்பட்டால் அவர் பெயரையே வைப்பதாக ஆசை காட்டினார்களாம். அகப்பட்டது! பெர்ன்ஸ்டைன் என்றால் ஜெர்மன் பாஷையில், பூமிக்குள் புதைந்து கல்லாய் இறுகிய மஞ்சள் மரப்பிசின். அதற்கு இங்கிலீஷ்ப் பெயர் ஆம்பர்.

ஆம்பர் என்பது நடு வாக்கியத்தில் தப்பாக விழுந்துவிட்ட முற்றுப்புள்ளி என்பது பிற்பாடு தெரிந்தது. சில வகைப் பாக்டீரியாக்கள் அந்தப் புள்ளியை லட்சியம் செய்யாமல் மேலே படித்துவிடும். அதனால்தான் அங்கே மாத்திரம் பேஜ் பிழைக்கிறது. 1964-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஸிட்னி பிரென்னரின் குழுவினர், தலைச் சட்டையின் ஜீனில் இந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறதோ, அவ்வளவு நீளத்துக்குப் புரோட்டீன் உண்டாகி நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். ஜீன், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வரிசைக்கிரமமாகப் படிக்கப்படுகிறது என்பது இதனால் ருசுவாயிற்று. அந்தக் கட்டுரையில் முதலாவதாக நிற்கும் பெயர் நம் நாட்டவரான ஆனந்த் சாராபாய்!

டிபன் காரியர் அடுக்கு

இப்படிக் கெட்ட பேஜ்களை எல்லாம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது தெரிந்த காட்சி விசித்திரமானது. 23-ம் எண் ஜீன் கெட்டால், வால்களும் கால்களும் இருக்கின்றன, தலையே இல்லை. 20-ம் எண் கெட்டால், தலை உருண்டு மூடுவதற்குப் பதில் முறுக்குக் குழலிலிருந்து வருவதுபோல் நீண்டுகொண்டே போகிறது. 34 முதல் 38 வரை ஒன்று கெட்டால், தலையும் வாலும் சேர்ந்திருக்கின்றன; கால்கள் மாத்திரம் இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தலைக்கு ஒரு பட்டறை, வாலுக்கு ஒரு பட்டறை, காலுக்கு ஒரு பட்டறை. ஒன்றுக்காக இன்னொன்று காத்திருப்பதில்லை.

1966-ல் எட்கரும், வில்லியம் வுட் என்பவரும் இன்னொரு படி மேலே போனார்கள். கால் இல்லாத பேஜ்களை ஒரு குழாயில் எடுத்துக்கொண்டார்கள். தலை செய்யத் தெரியாமல் கால்களை மாத்திரம் செய்து குவித்திருந்த பாக்டீரியாவின் சாற்றை அதில் ஊற்றினார்கள். இரண்டும் தனித்தனியே உபயோகமற்ற சரக்கு. கலந்து வைத்தபோதோ, கால்கள் தாமாகவே போய் ஒட்டிக்கொண்டன. பாக்டீரியாவைக் கொல்லும் முழுப் பேஜ்கள் தயாராகிவிட்டன! அதேபோல் வாலில்லாத தலையும், தலையில்லாத வாலும் கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்று சேர்ந்தன. உயிருள்ள பாக்டீரியா பக்கத்தில் இல்லை. பொருத்திவிட ஒரு கையும் இல்லை.

"மேஸ்திரி இல்லாமல் வீடு கட்டுகிறதா?" என்றாள் அத்தை.

அதேதான். அத்தையின் டிபன் காரியரையே உதாரணமாகச் சொன்னேன். அடி அடுக்கு இருந்தால்தான் அதன்மேல் அடுத்தது உட்காரும். எல்லா அடுக்கும் சரியாக உட்கார்ந்தால்தான் கொக்கி விழும். பேஜும் அப்படித்தான். ஒரு பாகம் வந்து பொருந்தியதும் அங்கே ஒரு புது இடம் அமைகிறது. அடுத்த பாகத்துக்கு அதுவே ஆசனம். பூர்த்தியாகாத தலையை வால் ஏற்றுக்கொள்ளாது. தலையும் வாலும் சேர்ந்த பிறகுதான் கால்கள் வந்து ஒட்டும்.

அளவு நாடாவும் நானூறு அடி நூலும்

இன்னும் சில வேடிக்கைகள். தலையைக் கட்டும்போது முதலில் உள்ளே ஒரு சாரம் கட்டுகிறது. தலை உருவானதும் அந்தச் சாரத்தைக் கத்தரித்து எறிந்துவிடுகிறது. அதற்கென்றே ஒரு ஜீன்!

வாலுக்கு இத்தனை நீளம் என்று யார் சொல்கிறார்கள்? தையற்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாபோல், உள்ளே ஒரு நீளமான புரோட்டீன் இருக்கிறது. 1980-களில் ஜப்பானிய விஞ்ஞானி இஸாவோ கட்ஸுரா, 'லாம்டா' என்ற பேஜில் இந்த நாடாவின் ஜீனைக் கத்தரித்துக் குறுக்கினார். குட்டை வால் பேஜ்கள் பிறந்தன! அந்த லாம்டாவை 1950-ஐ ஒட்டி அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் கண்டுபிடித்தவர் எஸ்தர் லெடர்பர்க் என்ற பெண்மணி.

சட்டை தயாரானதும் நூலை அடைக்க வேண்டும். டி-4 தலையைப் பத்து அங்குலப் பெட்டி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அடைக்க வேண்டிய நூலின் நீளம் சுமார் 400 அடி! வாயிலில் ஒரு குட்டி மோட்டார் உட்கார்ந்து அதை உள்ளே தள்ளுகிறது. இந்த மோட்டாரின் அமைப்பை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டவர்களில் ஒருவர், வாஷிங்டனில் பேராசிரியராக உள்ள வெணிகள்ளா ராவ். உள்ளே நூல் அடைந்து கிடக்கும் அழுத்தம் நம் பிரஷர் குக்கரைவிடப் பல மடங்கு அதிகம். பாக்டீரியாமேல் ஊசி இறங்கியதும் நூல் பாய்வதற்கு இந்த அழுத்தமும் ஒத்தாசை செய்கிறது.

ஒரு நவீன சாவித்திரி

இப்போது அத்தையின் கேள்விக்கு வருவோம். இதனால் யாருக்கு என்ன லாபம்?

2015 நவம்பரில், அமெரிக்காவின் சான் டீகோ நகரத்தைச் சேர்ந்த பேராசிரியர் டாம் பாட்டர்ஸன் மனைவியுடன் எகிப்துக்கு உல்லாசப் பிரயாணம் போனார். போன இடத்தில் படுத்துவிட்டார். வயிற்றுக்குள் அஸினெட்டோபாக்டர் என்ற கிருமி. ஊருக்கு எடுத்து வந்தார்கள். எந்த ஆன்டிபயாடிக் மருந்துக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. மாதங்கள் சென்றன, நினைவும் தப்பிற்று.

அவர் மனைவி ஸ்டெபனி ஸ்ட்ராத்டீ தொற்றுநோய் பரவும் விதத்தை ஆராயும் நிபுணர். டாக்டர்கள் கையை விரிக்கும் நிலையில், அவர் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டிப் பேஜ் வைத்தியத்தைப் பற்றிப் படித்தார். தெரேல் ஆரம்பித்த அந்த வைத்தியம், ஆன்டிபயாடிக் வந்த பிறகு மேல் நாடுகளில் மறக்கப்பட்டு, ஜார்ஜியா நாட்டின் டிபிலிஸி போன்ற சில இடங்களில் மாத்திரம் தொடர்ந்து நடந்து வந்தது. ஸ்டெபனி முன்பின் அறியாத விஞ்ஞானிகளுக்குக் கடிதம் எழுதினார். டெக்ஸாஸில் ஒரு சர்வகலாசாலையாரும், அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிசாலையாரும் கணவரின் கிருமியைத் தாக்கக்கூடிய பேஜ்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். 2016 மார்ச்சில், சர்க்காரின் அவசர அனுமதியுடன், டாக்டர் ராபர்ட் ஸ்கூலி அவற்றை நோயாளியின் உடம்பில் செலுத்தினார்.

சில நாட்களில் பாட்டர்ஸன் கண் விழித்தார். கதை அத்துடன் முடியவில்லை. கிருமி தன் வேஷத்தை மாற்றிக்கொண்டு முதல் பேஜ்களுக்கு டிமிக்கி கொடுத்தது. புதுப் பேஜைத் தேடிக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்டில் அவர் வீடு திரும்பினார். எமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரியின் கதை நமக்குத் தெரியும். இந்தச் சாவித்திரி வாதாடியது ஆராய்ச்சிசாலைகளிடம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாப் பேஜும் சாது அல்ல. லாம்டாவைப் போன்ற சில பேஜ்கள், பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் டி.என்.ஏ.யோடு தன் நூலையும் சேர்த்துத் தைத்துவிட்டு, குடித்தனக்காரர்போல் உள்ளேயே தங்கிவிடும். குடித்தனம் வரும்போது சில சமயம் விஷத்தையும் மூட்டையில் கொண்டுவரும். குழந்தைகளின் தொண்டையை அடைக்கும் டிப்தீரியாவின் விஷத்துக்கு இப்படிப்பட்ட பேஜ்தான் காரணம் என்பதற்கு 1951-ல் விக்டர் பிரீமன் என்பவர் வழி காட்டினார். காலராவின் விஷ ஜீனும் ஒரு பேஜின் மூட்டையில் வந்ததே என்று 1996-ல் தெரிந்தது. அதனால்தான் ஒரு பேஜை மருந்தாகக் கொடுப்பதற்கு முன், அதன் ஜீன்களை ஒன்றுவிடாமல் படித்துப் பார்க்கிறார்கள். ஒளிந்திருக்கும் தன்மை உண்டா, விஷம் உண்டா, காலின் நுனி எந்தக் கிருமியைப் பிடிக்கும் என்றெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது நாமாக வாங்கிச் சாப்பிடுகிற மருந்தும் அல்ல. தேர்ந்த டாக்டர்கள் கையில், இன்னும் பரீட்சையில் இருக்கிற வைத்தியம்.

எந்த ஜீன் எதைச் செய்கிறது என்று இன்று படிக்க முடிகிறதென்றால், அன்று தலையில்லாததையும் வாலில்லாததையும் குப்பையில் எறியாமல் எண் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்தார்களே, அவர்கள்தான் காரணம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த மார்த்தாப் பெண்ணுக்கும் ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்" என்றாள்.

சட்னியை வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அன்றைக்கு அவள் மிக்ஸியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பதவிசாகத் துடைத்து வைத்தாள்.